உடைந்த கண்ணாடிப் பட்டை

கலங்கரை விளக்கத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதைக் கண்காணிக்கும் பொறியாளர், நாற்பதாவது படியருகே சுவரில் ஓடிய விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை ஒட்டி வைத்திருந்தாள். சுவர் நகர்ந்தால் அது உடையும்.

அன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தாள். பட்டை இரண்டாகியிருந்தது. அடுத்த கல்படியின் அடியிலிருந்து சுண்ணாம்புத் தூள் நிற்காமல் உதிர்ந்தது.

உச்சி மாடத்தில் பதினெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் இருவர் அவளுடைய அக்காவும் அத்தானும். அவளே ஆசையாக அனுப்பி வைத்திருந்தாள்.

வாசலுக்கு ஓடினாள். "அண்ணே, யாரையும் உள்ள விடாதீங்க."

காவலாளி பதறினார். "என்னம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"சத்தம் போடாதீங்க. எல்லாரும் ஒண்ணா ஓடி வந்தா படி தாங்காது. ரெண்டு ரெண்டு பேரா அனுப்புறேன். கீழ வந்ததும் விசில் அடிங்க."

சுவரை ஒட்டியே கால் வைத்து ஏறினாள். சுவருக்குள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் ஓர் ஒலி கேட்டது.

மேலே போய்ச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கொஞ்சம் வேலை இருக்குங்க, எல்லாரும் கீழ போயிடலாம். படி குறுகலு. ரெண்டு ரெண்டு பேரா, சுவரோரமா எறங்குங்க. குழந்தைங்க முதல்ல."

அக்கா அவள் கையைப் பிடித்தாள். "என்னடி, கையெல்லாம் சுண்ணாம்பு?"

"செவுத்தைப் பிடிச்சு ஏறினேன்க்கா."

"இவருக்கு முட்டி வலி. எங்கள முதல்ல அனுப்பிடேன்."

அத்தான் ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் இறங்குவார். மேலே காத்திருப்பவர்கள் அதுவரை பொறுக்காமல் இறங்கத் தொடங்கினால் எல்லாமே முடிந்தது. "நீங்க கடைசிக்கா."

"கூடப் பொறந்தவளுக்கே இப்படியா?" அக்காவின் முகம் சுருங்கியது.

விசில். அடுத்த இருவர். மறுபடி விசில். ஐந்தாவது ஜோடி இறங்கியபோது ஏதோ கீழே விழுந்து கோபுரம் முழுக்க அதிர்ந்தது. ஒரு பெண் வீறிட்டாள்.

"பழைய சுண்ணாம்புங்க, அப்படித்தான் உதிரும்." அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. விசில் வந்ததும் அடுத்த இருவரை அனுப்பினாள்.

கடைசியாக அக்காவும் அத்தானும் இறங்க, பின்னால் அவள். நாற்பத்தோராம் படியில் பாதியைக் காணோம். அக்கா அதைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். அத்தானின் இடுப்பைப் பிடித்து மெல்லத் தாண்ட வைத்தாள். வெளியே வந்ததும் தங்கை வாசலைப் பூட்டினாள்.

கோபுரத்தை இடித்துவிடலாம் என்றது அவளுடைய அலுவலகம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தை இடிக்கச் சட்டம் விடவில்லை. இரும்பு வளையம் பூட்டிச் செப்பனிடும் வேலை ஒரு வருடம் நடந்தது.

அக்கா ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் போனில் கேட்டாள்: "எங்களுக்கு முன்னாடியே அந்தப் படி முழுசா போயிருந்தா?"

இரண்டு பக்கமும் போனைப் பிடித்தபடியே வெகுநேரம் அழுதார்கள்.