தொட்டி வாயில் படையல்

படையலைக் கப்பலின் மேல்தளத்திலேயே, கழிவு எண்ணெய்த் தொட்டியின் வாய்க்குப் பக்கத்தில் வைக்கப்போவதாக மேஸ்திரி வாங்-லாய் சொன்னதும் ஜின்-ஷுய் அந்தத் தொட்டி வாயைத் திரும்பிப் பார்த்தான்.

காவோசியுங் துறைமுகத்தில் கப்பல் உடைக்கிறவர்கள் புதுக் கப்பலில் முதல் வெட்டு வெட்டுமுன் படையல் போடாமல் இருக்க மாட்டார்கள். ஏழாம் மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். செத்தவர்கள் பசியோடு ஊருக்குள் அலையும் மாதம் அது. பேய் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். 'நல்ல அண்ணன்மார்' என்பார்கள். பன்றிக்கறி, பீர், பொரிப் பொட்டலம் எல்லாம் மேசையில் பரப்பி, தகர டிரம்முக்குள் கட்டுக்கட்டாகக் காகிதப் பணம் போட்டு எரிப்பார்கள். ஆனால் அதெல்லாம் கரையில் நடக்கிற காரியம். இந்த முறை கோயில் சாமியாடி வேறு மாதிரி சொல்லிவிட்டான். போன கப்பலில் தொட்டிக்குள் தீப்பிடித்து, கூட வேலை செய்த மூ-ஷான் செத்ததற்குக் காரணம், உள்ளே கிடக்கிற நல்ல அண்ணன்மாருக்குப் படையல் எட்டாததுதானாம். இந்தத் தடவை தொட்டியைத் திறந்து வைத்து, அதன் வாயிலேயே கொளுத்த வேண்டுமாம்.

தொட்டிகளுக்குள் காற்றுக் குழாய் இறக்கி ஊதுவது ஜின்-ஷுய்யின் வேலை. மற்றத் தொட்டிகளை ஊதி முடித்திருந்தான். இது ஒன்றுதான் பாக்கி. ஊதும் இயந்திரம் பழுதாகிக் கரையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. தொட்டியின் அடியில் முழங்கால் அளவுக்குக் கசடு நின்றது. வெயில் ஏற ஏற இரும்பு காயும். கசடிலிருந்து ஆவி கிளம்பும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. தித்திப்பாக ஒரு நாற்றம் வரும், தலை லேசாகும், அவ்வளவுதான். ஒரு பொறி போதும்.

"அண்ணே, மூடியப் போட்டுட்டு கரையிலயே வச்சுக்கலாம்ணே. உள்ள வாயு நிக்குது."

வாங்-லாய் பாக்கை மென்றுகொண்டே அவனைப் பார்த்தார். "அதான் துறைமுக ஆபீசருங்க வாயுவப் பரிசோதிச்சு சீட்டு குடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"இந்தத் தொட்டிய அவங்க பாக்கலண்ணே."

"ஊதுபத்தி பிடிக்க உனக்குக் கசக்குது. அதுக்கு வாயுவச் சாக்கு சொல்லாத. மூ-ஷான் செத்ததுலேர்ந்து எவனும் தொட்டிக்குள்ள இறங்க மாட்டேங்கிறான். இத வச்சாத்தான் இறங்குவானுங்க. உனக்காக நான் முதலாளிகிட்ட பேச்சு வாங்கணுமா?"

மேசையைத் தூக்கிக்கொண்டு வந்த தெ-ஃபூ சிரித்தான். எரிவாயுச் சுடரால் இரும்பை வெட்டுகிறவன் அவன். வாயும் அதே மாதிரிதான். "விடுங்கண்ணே. ஐயா நம்மாளுக்குப் படைக்க மாட்டாரு. நட்சத்திரத்துலேர்ந்து எவனாவது இறங்கி வந்தா அவனுக்குப் படைப்பாரு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். உடைக்க வருகிற கப்பல்களின் அறைகளிலிருந்து நட்சத்திரப் படம் போட்ட பத்திரிகைகளை ஜின்-ஷுய் எடுத்து வைத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு நட்சத்திரம் இருக்கும்போது எங்கோ ஏதோ உயிர் இருக்கத்தான் செய்யும் என்று ஒருநாள் சாராயக் கடையில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அதுவே அவனுக்குத் தீராத கேலியாகிவிட்டது.

"பாக்காத பேய நம்ப மாட்டான், பாக்காத நட்சத்திரத்துக்காரன நம்புவான்" என்றான் தெ-ஃபூ. மாதத்தை மறந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டதில் அவனே பதறி, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"இருக்கலாம்னு சொன்னேன். வந்தான், பாத்தேன்னு எவனாவது சொன்னா அதையும் நம்ப மாட்டேன். அவனும் நம்மள மாதிரிதான். தின்பான், பேலுவான், செத்தா செத்ததுதான். திரும்பி வந்து பன்னிக்கறி கேக்க மாட்டான்."

"இந்த மாசத்துல இப்படிப் பேசாதடா" என்றார் வாங்-லாய். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "டிரம்மக் கொண்டாங்க."

டிரம் வந்தது. தொட்டியின் வட்ட வாயிலிருந்து இரண்டு எட்டு தள்ளி அதை வைத்தார்கள். ஊதுபத்திக் கட்டைப் பிரித்தார்கள். தளத்தின் மறுமுனையில், மூ-ஷானின் மனைவி சியூ-லுவான் காகிதப் பணத்தை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் போனபின் அதே பட்டறையில் செம்புக் கம்பி பிரிக்கிற வேலைக்கு அவளைச் சேர்த்திருந்தார்கள். தலையைத் தூக்காமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜின்-ஷுய் தொட்டி வாய்க்குப் போய்க் குனிந்தான். நாற்றம் மூக்கில் அறைந்தது. போன கப்பலில், தீ அணைந்ததும் உள்ளே இறங்கி மூ-ஷானைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தவன் அவன்தான். கையில் ஒட்டிக்கொண்டு வந்தது என்னவென்று அவனுக்குத் தெரியும். முதுகுப் பக்கம் எவனோ லைட்டரை எடுக்கிற சத்தம் கேட்டது.

"மூ-ஷான் அண்ணன்" என்றான்.

சத்தம் நின்றது.

"உள்ள நிக்கிறாரு. கைய இப்படி ஆட்டுறாரு. போ, போன்னு."

ஜின்-ஷுய்யின் பல் கிட்டிக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பயம் நிஜம். அதற்கு அவன் வைத்த பெயர்தான் பொய். வேறு யாராவது சொல்லியிருந்தால் தெ-ஃபூ கேலி செய்திருப்பான். ஊதுபத்தியைக் கையால் தொடாத ஜின்-ஷுய் நடுங்கிக்கொண்டு சொன்னதும் தெ-ஃபூவின் முகம் வெளுத்துவிட்டது. வாங்-லாய் வாயிலிருந்த பாக்கைத் துப்பக்கூட மறந்தார்.

"நெருப்பு வேணாங்கிறாரா?" என்று மெல்லக் கேட்டார்.

"டிரம்மக் காட்டுறாரு. காட்டிக் காட்டிக் கைய ஆட்டுறாரு."

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேசை, டிரம், கறி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஏணியில் முண்டியடித்து இறங்கினார்கள். தொட்டி மூடியைப் போடக்கூட எவனும் பக்கத்தில் வரவில்லை. ஜின்-ஷுய் தனியாகத் தள்ளிப் பார்த்தான். அது ஓர் ஆள் அசைக்கிற மூடி இல்லை.

கரையில் படையல் நடந்தது. காகிதம் எரிந்து கரித்துணுக்குகள் கடல் பக்கமாகப் பறந்தன. கறியை வெட்டிப் பங்கிட்டார்கள். பீரைக் குடித்துவிட்டு, உச்சி வெயிலில் தார்ப்பாய் நிழலில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். ஜின்-ஷுய்க்குக் கறி இறங்கவில்லை. ஊதும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இதை எப்படி இன்றைக்கே ஓட வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கம்பிக் குவியல் பக்கம் சியூ-லுவான் இல்லை என்பது கண்ணில் பட்டது. மிச்சமிருந்த காகிதப் பணக் கட்டும் இல்லை.

அவன் ஏணியில் ஓடினான்.

மேல்தளத்தில் இரும்பு செருப்பைத் தாண்டிச் சுட்டது. சியூ-லுவான் தொட்டி வாயில் மண்டி போட்டிருந்தாள். மடியில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. பக்கத்தில் காகிதக் கட்டு. ஒரு கையில் ஊதுபத்தி, மறு கையில் லைட்டர். கட்டைவிரல் அதன் சக்கரத்தின் மேலேயே இருந்தது.

"கிட்ட வராத தம்பி" என்றாள், திரும்பாமலே. "நீ நம்பாதவன். நீ வந்தா அவரு வர மாட்டாரு."

ஜின்-ஷுய் நின்றுவிட்டான். பாய்ந்து பிடுங்கலாம். பாய்கிற நேரத்தில் விரல் அழுத்திவிடும். காற்று அசையவே இல்லை. நாற்றம் அவன் நிற்கிற இடம்வரை வந்திருந்தது.

"அண்ணி, லைட்டர கீழ வைங்க."

"அவரு வீட்டுக்கு வந்து சேந்துட்டாருன்னு நினைச்சுட்டு இருந்தேன். தினம் அவரு பேரு எழுதின பலகைக்கு முன்னால சோறு வச்சேன். வரவே இல்லையா, அந்தத் தொட்டியிலேர்ந்து இந்தத் தொட்டிக்கு வந்து மாட்டிக்கிட்டாரா? தன்னோட இடத்துக்கு இன்னொருத்தன் செத்து வர்ற வரைக்கும் இவங்களால நகர முடியாதாமே. அதான் சட்டையக் கொண்டாந்தேன். அதக் காட்டிக் கூப்புட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"அங்க யாரும் இல்ல அண்ணி. நான் பொய் சொன்னேன்."

அவள் முதல்முறையாகத் திரும்பினாள்.

"நெருப்ப எடுக்க வைக்கணும்னு சொன்னேன். உள்ள வாயு நிறைஞ்சு நிக்குது. சொன்னா கேக்க மாட்டேன்னுட்டாங்க."

"நீ பொய் சொல்ற ஆளில்ல. நம்புறவன் எவனாவது சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன். பாத்தேன், கனவுல வந்தாருன்னு எத்தன பேரு வந்து சொல்லிட்டானுங்க. நீ சொன்னதாலதான் நம்புறேன்."

காலையில் பொய்யை நம்பினார்கள். இப்போது உண்மையைச் சொல்கிறான், அது ஏறவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள். "பெட்டிய மூடித்தான் குடுத்தாங்க. எனக்குக் காட்டல. முகம் எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. சொன்னால் அவரைக் கூப்பிட அவள் சக்கரத்தைச் சுழற்றிவிடுவாள் என்பதும் தெரிந்தது.

"முகம் இல்ல அண்ணி."

அவள் ஊதுபத்தியை மடியில் வைத்தாள்.

"நான்தான் தூக்கினேன். தோள்பட்டைக்கு மேல ஒண்ணும் அடையாளம் இல்ல. பெல்ட்டப் பாத்துத்தான் அவருன்னு சொன்னோம். பேய் பண்ணல, பிசாசு பண்ணல. இந்த நாத்தம்தான் பண்ணுச்சு. இப்ப உங்க மூக்குல ஏறுதே, இதேதான். அத அழுத்தினா உங்களுக்கும் அதே. எனக்கும். கீழ தூங்குறவங்களுக்கும்."

லைட்டர் கையில் அப்படியே இருந்தது. கீழே எவனோ தூக்கத்தில் இருமினான்.

"உன்னோட நட்சத்திரத்துல ஆளுங்க இருக்காங்கங்கிறியே" என்றாள். "அவங்க செத்தா எங்க போவாங்க?"

"எங்கயும் போக மாட்டாங்க."

"அவங்க பொண்டாட்டிங்களுக்கு?"

தெரியாது என்று தலையை ஆட்டினான்.

சியூ-லுவான் லைட்டரைச் சட்டைக்குள் வைத்துச் சுருட்டினாள். எழும்போது தள்ளாடினாள். அவன் ஓடிப்போய்ப் பிடித்தான்.

ஏணியடியில் வாங்-லாய் விழித்துக்கொண்டு நின்றிருந்தார். தெ-ஃபூவும் இன்னும் சிலரும் பின்னால் நின்றார்கள்.

"மேல என்ன பண்ணீங்க?"

ஜின்-ஷுய் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தான். அது இவர்கள் காதுக்குப் போனால் நாளைக்கு டிரம் மறுபடி மேலே போகும் என்று தெரிந்தும், பொய்யைத் தூக்கிச் சுமக்கிற தெம்பு அவனிடம் இல்லை.

சியூ-லுவான் முந்திக்கொண்டாள். "அவரப் பாக்கப் போனேன் மேஸ்திரி. மூச்சு முட்டுதாம் உள்ள. காத்து வேணுமாம். ஊதி முடிக்கிற வரைக்கும் ஒரு பொறி மேல வரக்கூடாதாம். ஒருத்தன் சிகரெட் பத்த வச்சாக்கூட விட மாட்டாராம்."

யாரோ கைகூப்பினார்கள். வாங்-லாய் தொப்பியைக் கழற்றினார். "தெ-ஃபூ, அந்த மிசினுக்கு என்ன வேணும்னு கேளு. போய் வாங்கிட்டு வா. அது ஓடாம எவனும் மேல ஏறக் கூடாது."

தெ-ஃபூ ஓடினான். கேலி ஒன்றும் செய்யவில்லை.

கம்பிக் குவியலுக்கு அவள் நடந்தபோது ஜின்-ஷுய்யும் கூட நடந்தான்.

"நல்லவேளை அண்ணி. நீங்க அந்தப் பொய்யச் சொல்லலேன்னா நாளைக்கே திரும்பக் கொளுத்தியிருப்பாங்க."

"எது பொய்?"

அவன் நின்றான்.

"நீ பாக்கல, சரி" என்றாள் சியூ-லுவான். "நீ சொல்லச் சொல்ல நான் பாத்தேன். உனக்குப் பின்னால நின்னாரு. நீ சொன்ன மாதிரியே, முகமில்லாம."

அவள் உட்கார்ந்து இடுக்கியை எடுத்தாள். கம்பியின் மேலுறையை உரித்து, செம்பை ஒரு பக்கமும் உறையை மறுபக்கமும் போட்டாள். விளையாடுகிறாளா, மேஸ்திரிக்குச் சொன்னது போலத் தனக்கும் சொல்கிறாளா, வாயு தலைக்கேறியதில் எதையாவது கண்டாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கேட்டுவிடலாம். அவள் பார்த்தது நிஜம் என்றால், அந்த முகத்தை அவளுக்குக் கொடுத்தது அவன் வாய்தான். இனி ஒவ்வொரு ராத்திரியும் அவள் சோறு வைக்கிற பலகைக்கு முன்னால் அதுதான் வந்து நிற்கும்.

அவன் கேட்கவில்லை. இயந்திரத்துக்குப் போய்ப் பாகங்களைத் துடைக்க ஆரம்பித்தான். நடுவில் ஒருமுறை நிமிர்ந்தபோது, சியூ-லுவான் தன் பக்கத்தில் கிடந்த கம்பிச் சுருளைத் தள்ளி வைத்து, ஓர் ஆள் உட்கார இடம் விட்டுக்கொண்டிருந்தாள்.