சங்கிலியில் அவன் முறை

அவன் ஈரப் பஞ்சை மனைவியின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் ஜெபித்து முடித்த தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

“மாப்ள, உங்க முறை. நடுவுல கேப் விட்டுடாதீங்க. உங்க அத்தை எழுந்தா என்னைத் தொலைச்சிடுவாங்க.”

“நீங்க கிளம்புங்கண்ணே.”

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே போனார். வாசல் கதவு சாத்தும் ஓசை கேட்டதும் அவள் கண்ணைத் திறந்தாள்.

“பாதி நேரம் குறட்டை. அதுவும் ஜெபத்துலதான் சேரும், பாவம்.”

இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன அன்றே, அவளுடைய அம்மா சங்கிலி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். சபையார், சொந்தக்காரர்கள், ஆளுக்கு ஒரு மணி நேரம். முன்னறை நாற்காலிக்கு முன்னால் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் மண்டியிட வேண்டும். இடையில் அறுந்துவிடக் கூடாது. கேட்க வேண்டியதும் ஒன்றே ஒன்று, சுகம். அவள் பிழைப்பாள் என்பதைத் தவிர வேறு எதையும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அவிசுவாசம். படுத்திருப்பவளுக்கும் அதே சட்டம்தான்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய மணி நேரம் அவனுடையது. அத்தை அப்போது மட்டும்தான் சமையலறையில் பாய் விரித்துச் சற்றுக் கண்ணயர்வார்.

அவன் முன்னறைக்குப் போக எழுந்தான்.

“சார்.”

கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவன் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள்.

“இங்கயே பண்ணுங்க. நீங்க என்ன கேக்குறீங்கன்னு நான் கேக்கணும்.”

அவன் மறுபடியும் உட்கார்ந்தான்.

“இன்னிக்கு மாத்திக் கேளுங்க. ஆண்டவர்கிட்ட என்னைக் கூட்டிக்கச் சொல்லுங்க.”

“இப்படிப் பேசாத.”

“அப்படியே அம்மா மாதிரி.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நான் தயாராத்தான் இருக்கேன். அவர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க எல்லாரும் ஷிஃப்ட் போட்டு இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டே இருந்தா, நான் எப்படிப் போறது?”

“பயமா இல்லையா?”

“இருக்கு. ஊசின்னா பயம்தான். டாக்டர் மேல பயம் இல்ல.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். கீழே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பவில்லை.

“உங்க சித்தம்னு சொல்லித்தானே தினமும் முடிக்கிறேன்?” என்றான்.

“கையைக் குடுங்க.”

பிசியோதெரபி அவள் தொழில். உடைந்து சேர்ந்த கைகளை, வாதத்தில் விழுந்த கால்களை மடக்கி நீட்டிப் பழக்குகிறவள். அவன் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள். அதில் எலும்பு மட்டும்தான் இருந்தது.

“வெயிட்டை எங்கிட்ட விடுங்க.”

“விட்டுட்டேன்.”

அவள் தன் கையை உருவிக்கொண்டாள். அவன் கை அங்கேயே அந்தரத்தில் நின்றது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அவன் அவளை நிமிர்த்தி முதுகைத் தடவினான். ஒரு தலையணை அளவுக்குக்கூட எடை இல்லை.

“எல்லா பேஷண்ட்டும் இதேதான்,” என்றாள், இருமல் அடங்கியதும். “விட்டுட்டேன் மேடம், விட்டுட்டேன் மேடம்னு சத்தியம் பண்ணுவாங்க.”

“நான் விட்டுட்டா, அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?”

பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு.

“தெரியல. அதை அப்புறமா அவர்கிட்ட கேளுங்க. இப்ப என்னைப் பாருங்க.”

அவன் மெத்தை விளிம்பில் நெற்றியை வைத்தான்.

“ஆண்டவரே.”

தினமும் சொல்கிற வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் ஒதுக்க வேண்டியிருந்தது.

“இவளை உங்ககிட்ட குடுக்குறேன். கூட்டிக்கங்க.”

ஆனால் என்று ஒரு சொல் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கினான்.

“ஆமென்.”

“ஆமென்,” என்றாள் அவள். “தேங்க்ஸ் சார்.”

பிறகு தூங்கினாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. அத்தையை எழுப்பப் பாதி எழுந்து, அடுத்த மூச்சுக்காக நின்றான். அது வரவில்லை.

மனதுக்குள் ஏதோ வந்து இறங்கும் என்று எதிர்பார்த்தான். சமாதானம் என்று சபையில் சொல்வார்களே, அது. எதுவும் இறங்கவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுக் கிண்ணத்தை மூடி வைத்தான்.

முன்னறையின் அமைதிதான் அத்தையை எழுப்பியிருக்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே வந்தார்.

“அங்க யாரையும் காணோம்? சங்கிலி அறுந்து…”

வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அத்தை,” என்றான். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

அத்தை வந்து மகளின் நெற்றியைத் தொட்டார், காய்ச்சல் பார்ப்பது போல. அழவில்லை.

“உங்க நேரத்துலயா?”

“ஆமா.”

“ஜெபம் பண்ணீங்களா?”

“பண்ணேன்.”

“என்னன்னு கேட்டீங்க?”

சுகம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அத்தை அதற்காகவே காத்திருப்பது போலவும் இருந்தது.

“கூட்டிக்கங்கன்னு கேட்டேன். அவதான் கேக்கச் சொன்னா.”

அத்தை அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவன் அசையாமல் இருந்தான்.

“நான் கேட்டிருக்க மாட்டேன்,” என்றார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் மெல்ல உட்கார்ந்தார். “எங்கிட்டதான் முதல்ல சொன்னா. போன வாரம். அவ வாயைப் பொத்திட்டேன்.”

வெளிக்கதவு திறந்தது. அடுத்த முறைக்காரன், அவள் அண்ணன். வேலையிலிருந்து நேரே வந்திருந்தான். உள்ளே எட்டிப் பார்க்காமல், நாற்காலிக்கு முன்னால் யாரும் இல்லாததைக் கண்டு அவன் அவசரமாகப் போய்த் தரையில் மண்டியிடும் சத்தம் கேட்டது. உடனே குரல் எழும்பியது. தங்கச்சிக்கு சுகம் குடுங்க ஆண்டவரே, அவளை எழுப்பி உக்கார வைங்க ஆண்டவரே.

அவன் எழுந்தான். “மச்சான்கிட்ட சொல்லிடுறேன்.”

“இருங்க. அவன் முடிக்கட்டும்.”

அத்தை போர்வையை விலக்கி மகளின் பாதங்களைப் பார்த்தார். ஒன்றில்தான் சாக்ஸ் இருந்தது. மற்றதை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

“சில்லுன்னு இருக்கு. இன்னொண்ணு எங்க?”

அவன் மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டித் துழாவினான்.