இடது பக்க உரசல்

எனக்கு முன்கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பத்தெட்டு வயது ஆளைப் போனில் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். ஒரே ஒரு தடவை உரசுற சத்தம் கேட்டாலும் வண்டிய வித்துடுவேன்" என்று மிரட்டினால் யாருக்குத்தான் வராது கோபம்?

மிரட்டியது என் அக்கா. வண்டி அப்பாவுடைய பழைய பிக்கப். அதை வாங்கும்போது, மூத்தவள் கைராசிக்காரி என்று சொல்லி அக்கா பெயரில் பதிவு செய்துவிட்டார் அப்பா. அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. ஓட்டுவது நான், கழுவுவது நான், தண்ணீர் மோட்டார்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வீடு வீடாக ரிப்பேருக்குப் போவது நான். கையெழுத்துப் போட்டு விற்க மட்டும் அக்கா.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பழைய டயர்கள் நான்கும் மொட்டையாகிவிட்டதால், அப்பா போட்டிருந்ததைவிட ஒரு சுற்றுப் பெரியதாகப் பார்த்து வாங்கி மாட்டினேன். அப்பாவுக்கு அந்தச் சுற்றின் மேல்தான் ஆசை. இடம் பத்தாது என்று கடைசிவரை போடவில்லை. போட்ட மூன்றாம் நாள் அக்கா பக்கத்து சீட்டில் இருந்தாள். ரவுண்டானாவில் திரும்பினேன், முன் டயர் உள்ளே பிளாஸ்டிக்கில் போய் அப்படி உரசியது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கோடு. அக்கா ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். மறுநாள் போன் வந்தது.

"பழைய அளவே போட்டுத் தொலையேன்டா."

"அப்பா ஆசைப்பட்ட டயர்க்கா."

"அப்பா வாழ்க்கை பூரா உரசிட்டேதான் ஓட்டுனாரு. நீயும் அதையே பண்ணு. ஆனா என் பேர்ல இருக்கிற வண்டில வேணாம்."

அது உண்மைதான். எனக்குப் பதினாறு, அக்காவுக்கு இருபது வயது இருக்கும்போது அப்பா அந்த வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். பிக்கப் என்றால் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. முன்னால் இரண்டு அங்குலம் தூக்கி, வண்டியை மட்டமாக நிறுத்தி, கொஞ்சம் பெரிய டயர் போட்டார். அன்றிலிருந்து உரசல் ஆரம்பித்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டினார் என்று கணக்கே இல்லை. டயர் முழுக்கச் சாக்பீஸ் தேய்ப்பார். அக்காவையும் என்னையும் முன் பம்பரில் ஏற்றி உட்காரவைப்பார். நாங்கள்தான் எடை. பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்கினால்தான் உரசும் இடம் தெரியும். அப்பா ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துத் திருப்புவார். உள்பக்கப் பிளாஸ்டிக்கில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே வெட்டுவார். நாங்கள் பம்பரில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு, "இன்னும் எவ்ளோ நேரம்ப்பா" என்று உயிரை எடுப்போம். அந்த மாதிரி ஒரு சாயங்காலம் இனி வராது.

எல்லாம் செய்தும் இடது பக்கம் மட்டும் சரியாகவில்லை. நடுவில் இரண்டு மூன்று நாள் சத்தமில்லாமல் வந்ததாக ஞாபகம். பிறகு பழைய குருடி கதையாக மறுபடியும் கர்ர்ர். எங்கள் வீட்டுச் சந்து குறுகல். கேட்டுக்குள் நுழைய ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தே ஆக வேண்டும். தினமும் அந்த இடத்தில் கர்ர்ர். "ஒரு டயர ஒழுங்கா மாட்டத் தெரியல, இவரு மெக்கானிக்குக்கெல்லாம் யோசனை சொல்றாரு" என்று இருபது வருடம் அவரைக் கிண்டலடித்தோம். அவருக்குக் 'கர்ர் அப்பா' என்றே பெயர் வைத்தோம். மனுஷர் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே போய்க் கை கழுவுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வண்டியை டயர்காரன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவன் என்னோடு படித்தவன். பள்ளியில் யார் முதுகிலாவது சாக்பீஸால் படம் போட்டுக்கொண்டே இருப்பான், அதனால் பெயரே சாக்பீஸ். இப்போதும் சட்டைப்பையில் ஒன்று இருக்கும்.

ஒரு பக்கச் சக்கரத்தை மரக்கட்டை மேல் ஏற்றி, பம்பர் மேல் என்னுடைய பழுதான மோட்டார்கள் இரண்டைக் கட்டிவைத்தோம். நான் ஸ்டியரிங்கை ஒடிக்க, அவன் டார்ச்சோடு கீழே படுத்தான். வலது பக்கம் மூன்று இடத்தில் வெள்ளை. பம்பரின் கீழ் முனையை அறுத்தான். பின்மூலையில் பிளாஸ்டிக்கை ஹீட் கன்னால் இளக்கி, பலகை வைத்து உள்ளே அழுத்தினான். மதியத்துக்குள் வலது பக்கம் படிந்துவிட்டது. இடது பக்கமும் ஏறக்குறைய முடிந்தது. ஆனால் கடைசி ஒடிப்பில் மட்டும் ஒரு கர்ர்ர் மிச்சம் இருந்தது.

"எடை பத்தல மாப்ள. இன்னும் அமுங்குனாத்தான் எங்கன்னு தெரியும்."

"நான் உக்காந்தா ஸ்டியரிங்க யாருடா ஒடிக்கிறது, உங்க முதலாளியா?"

"நான்தான்டா முதலாளி."

அந்த நேரம் பார்த்து ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினாள். சாயங்காலம் என்று சொன்னவள் மூன்று மணிக்கே வந்து நிற்கிறாள். நான் ஏமாற்றிவிடுவேன் என்று நினைத்திருப்பாள்.

"முடிஞ்சுதா?"

"ஒரே ஒரு இடம்க்கா. பம்பர்ல கொஞ்சம் உக்காரேன்."

அக்கா என்னை முறைத்தாள். பிறகு பம்பரை முறைத்தாள். "நான் இப்ப அந்த எடை இல்லடா" என்றாள்.

"அதுதான்கா வேணும், டெஸ்ட்டு கெட்டியா இருக்கும்" என்றான் சாக்பீஸ். அவனுக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. அக்கா கைப்பையால் அவன் தோளில் ஒன்று போட்டுவிட்டு, மோட்டார்களுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இடது ஓரத்தில், அப்போது உட்கார்ந்த அதே இடத்தில். உட்கார்ந்ததும் கை தானாகப் போய் பானட் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. நான் கண்ணாடி வழியாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

கர்ர்ர்.

"இருடா, இருடா" என்றான் சாக்பீஸ் கீழேயிருந்து. டார்ச்சை இன்னும் உள்ளே நீட்டினான். "மாப்ள, இது வண்டியோட பார்ட்டு இல்லடா. யாரோ வெச்சிருக்காங்க."

நான் இறங்கிக் குனிந்தேன். உள்பக்கப் பிளாஸ்டிக்கின் பின்மூலையில் நாலு விரல் நீளத்தில் ஒரு ரப்பர் பட்டை, இரண்டு ஸ்க்ரூ வைத்து முடுக்கியிருந்தது. ஓரமெல்லாம் டயரை அறுக்காதபடி அரம் வைத்து மழுக்கியிருந்தது. அதைச் சுற்றிப் பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் ஜோடி ஜோடியாக ஆறேழு இருந்தன. தேயத்தேயப் புதிது மாற்றியிருக்கிறார்கள்.

"சும்மா சத்தம் போடறதுக்குன்னே வெச்ச மாதிரி இருக்கு" என்றான் சாக்பீஸ். "இத எடுத்துட்டா வண்டி சுத்தம்."

கழற்றி என் கையில் கொடுத்தான். அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது.

"இது என் சைக்கிள் டயர்டா."

அவள் கல்லூரிக்கு ஓட்டிப்போன சைக்கிளின் டயர். பின்கட்டு ஆணியில் வருடக்கணக்கில் தொங்கியது. அது வரவரக் குட்டையாகிக்கொண்டே போனது. எலிதான் கடிக்கிறது என்று நான் பொறி வாங்கிவைத்தேன். அப்பாதான் அந்தப் பொறிக்குத் தினமும் தேங்காய்ச் சில் வைத்தார். எவ்வளவு அழுத்தம் பாருங்கள் அந்த மனுஷருக்கு.

"எதுக்குடா இத வெச்சாரு?" என்றாள் அக்கா. எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் போய்விட்டது, வண்டி தப்பித்துவிட்டது என்பதுதான். பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்காவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ரவுண்டானாவில் வேண்டுமென்றே இரண்டு சுற்றுச் சுற்றினேன். சத்தமே இல்லை. பள்ளத்தில் இறக்கினேன், வேகத்தடையில் ஏற்றினேன். அக்கா ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டே வந்தாள்.

"சரி. வண்டி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். எனக்கு அப்பாவையே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

சந்துக்குள் நுழைந்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்துக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். வெண்ணெயில் இறங்கின மாதிரி திரும்பியது.

கேட் திறக்கவில்லை.

அதன் கொக்கி உள்பக்கம். நான் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே அம்மா வந்து திறந்து நிற்பாள், அதுதான் வழக்கம். காத்திருந்தோம். "ஹாரன் அடிடா" என்றாள் அக்கா. அடிக்க முடியாது. பக்கத்து வீட்டு நர்ஸ் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர். அந்தச் சந்தில் ஹாரன் அடிக்கக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. அப்போது சந்து முனையைத் தாண்டி இன்னொரு பிக்கப் போனது. எஞ்சின் சத்தம் எங்கள் வண்டியைப் போலவே இருந்தது. இந்தத் தெருவில் நாலு பிக்கப் ஓடுகிறது.

அக்கா இறங்கிப் போய், சந்தைப் பார்த்த சமையலறை ஜன்னலைத் தட்டினாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து கொக்கியை எடுத்தாள்.

"எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலியே."

"சரி பண்ணிட்டோம்மா" என்றேன் நான், பெருமையாக.

அம்மா டயரைப் பார்த்தாள். "உங்கப்பாவும் ஒரு தடவ இப்பிடித்தான் சரி பண்ணிட்டேன்னு வந்து நின்னாரு. மூணு நாள். எந்த வண்டி போனாலும் அவருதானோன்னு அடுப்ப அணைச்சுட்டு அணைச்சுட்டு ஓடி வந்தேன். மூணாவது நாளு மழை வேற, நான் வர்ற வரைக்கும் நனைஞ்சுட்டே நின்னுருக்காரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நல்லவேளை, மறுநாளே அது தானா கெட்டுப்போச்சு. அப்புறம் இருபது வருஷம் நான் ஒரு நாள் கூட லேட்டாத் திறக்கல." கேட்டை இன்னும் கொஞ்சம் அகலமாகத் தள்ளினாள். "இனிமே என்ன. நீங்க போன் பண்ணிட்டு வாங்க."

அவள் உள்ளே திரும்பி நடந்தாள். என் கை சட்டைப்பையிலிருந்த பட்டைக்குப் போனது. கர்ர் அப்பா, கர்ர் அப்பா என்று எத்தனை நாள் சிரித்திருப்போம்.

அக்கா வண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். நான் பட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை டயருக்குப் பக்கத்தில் பிடித்து, கட்டைவிரலால் ஓர் இடத்தில் அடையாளம் வைத்தாள்.

"இவ்ளோ வெட்டணும். புது டயர் பெருசு. நாளைக்குக் காலைல போலாம்."

"உனக்கு ஆபீஸ்க்கா."

"லீவ் சொல்லிக்கறேன். எடைக்கு ஆள் வேணாமா?"

அம்மா வாசற்படியில் நின்று திரும்பினாள். "என்னடி அங்க பேச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அக்கா. "நாளைக்கு வண்டி மறுபடியும் கெட்டுப்போயிடும்."