குண்டு வம்சத்துக் குட்டிகள்

வாரக் கடைசி முழுவதையும் மருத்துவமனையில் அக்காவின் கட்டிலருகே கழித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை சுண்டெலி அறைக்குள் நுழைந்த ஆய்வாளர், தீவனத் தட்டுகள் காலியாய்க் கிடப்பதைக் கண்டாள்.

அவ்வறையில் இரண்டு வம்சங்கள் இருந்தன. தலைமுறைதோறும் மிகக் கொழுத்தவற்றைக் கொழுத்தவற்றோடும், மிக மெலிந்தவற்றை மெலிந்தவற்றோடும் இணைசேர்த்துப் பல ஆண்டுகளாக அவள் உருவாக்கியவை அவை. தீவனம் ஒன்றே, காற்றும் வெளிச்சமும் ஒன்றே, உடல் மட்டும் வேறு. சர்க்கரை நோயும் கொழுப்பேறிய ஈரலும் சிலரை மட்டும் தேடி வருவது ஏன் என்பதற்கு விடை அந்த வேறுபாட்டினுள் இருப்பதாக அவள் நம்பினாள். குண்டு வம்சம் எளிதில் கருவுறாது. இம்முறை நான்கு தாய்களே ஈன்றிருந்தன. மீண்டும் ஈனும் வயது அவற்றுக்கு இல்லை. அக்குட்டிகள் பிழைத்தால்தான் வம்சம் பிழைக்கும்.

முதற்கூண்டைத் திறந்தாள். குட்டிகள் இல்லை, மரத்தூளில் இரத்தக்கறை மட்டும் இருந்தது. இரண்டாவதிலும் அவ்வாறே. மூன்றாவதில் பாதி தின்னப்பட்ட ஒரு குட்டி கிடந்தது. நான்காவதில் ஐந்து குட்டிகளுக்கு உயிர் இருந்தது. பால் குடித்த குட்டியின் வயிற்றில், மெல்லிய தோலினூடே பால் வெள்ளையாய்த் தெரியும். இவற்றின் வயிறுகள் வெறுமையாய், தொட்டால் சில்லென்று இருந்தன.

“தீவனத்தை நிறுத்தினது யாரு அண்ணே?”

கூண்டுகளைப் பராமரிப்பவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “நிறுத்தலைம்மா, குறைச்சேன். குண்டு வம்சத்துக்கு எல்லாம் பாதி போடுங்கன்னு துறைத்தலைவர் சொன்னாரு. இன்னைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்களாம். வாயைக் கட்டினா எப்படி இளைக்குதுன்னு காட்டணுமாம்.”

“குட்டி போட்டதுக்குமா?”

“எல்லாத்துக்கும்னாரு.”

“எனக்கு ஒரு போன் போடக் கை வரலையா உங்களுக்கு?”

“நீங்களே ஆஸ்பத்திரியில அல்லாடிக்கிட்டு இருந்தீங்க…”

“பாலு குடுக்கிறதுக்குப் பாதிச் சாப்பாடு. உங்க மக பிள்ளை பெத்து வந்தப்போ இப்படித்தான் போட்டீங்களா?”

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அதற்குள் வெப்பத் தட்டின் மீது, நடுங்கிக் கிடந்த தாய்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் வேறு இடம் இல்லை. குட்டிகளை ஒல்லி வம்சத்துத் தாய் ஒன்றிடம் சேர்ப்பதே எஞ்சிய வழி. ஆனால் குளிர்ந்த குட்டியை எந்தத் தாயும் ஏற்காது, பிணமென்று ஒதுக்கிவிடும். ஆகவே அவள் இரண்டையும் அவர் இரண்டையும் உள்ளங்கைகளில் பொத்திக்கொண்டனர். ஐந்தாவது, துணியின்மேல் கிடந்தது.

அப்போது துறைத்தலைவர் உள்ளே வந்தார். விடியற்காலையில் ஓடுபவர், தமக்குத் தொப்பை இல்லாததைத் தம் ஒழுக்கத்துக்குக் கிடைத்த நற்சான்றாகவே கருதுபவர்.

“வந்துட்டீங்களா மேடம்? அக்கா எப்படி இருக்காங்க?”

“இருக்காங்க.”

“சர்க்கரைதானே? கொஞ்சம் வாயைக் கட்டச் சொல்லுங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதுங்களைப் பாருங்க, ரெண்டே நாள்ல எடை இறங்கிருச்சு.”

அரைவயிறு உண்டே காலம் கழித்த அக்காவை, ஒளித்துவைத்துத் தின்பவளாகவே எல்லா மருத்துவர்களும் பார்த்தனர். நேற்றுக்கூட ஒருவர், தலையணைக்கடியில் பிஸ்கட் இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நேற்று அடக்கியதை இப்போது அவள் அடக்கவில்லை.

“எது இறங்குச்சுன்னு பாத்தீங்களா சார்? அந்தத் தாயைத் தொடுங்க. முதுகுல விரலை வைங்க.”

“எதுக்கு?”

“வைங்க. எலும்பு தட்டுதா? இப்ப வயித்தை அமுக்கிப் பாருங்க. கொழுப்பு அப்படியே இருக்கு. முதல்ல சொந்தச் சதையைத் தின்னுச்சு. அப்புறம் பெத்ததைத் தின்னுச்சு. கொழுப்பை மட்டும் விடாது. இந்த வம்சமே அதுதான். வாயில இல்ல வியாதி.”

“சரி சரி, அப்புறம் பேசலாம். படியேறிட்டாங்க. இந்தக் கூண்டையெல்லாம் துணி போட்டு மூடுங்க. செத்ததுக்கு வேற வாங்கிக்கலாம்.”

“எங்க? காய்கறிக் கடையிலயா?”

பராமரிப்பவர் இருமினார், சிரிப்பை மறைத்த இருமல் அது.

“கையை நீட்டுங்க சார்.”

“என்னது?”

“நீட்டுங்கன்னேன்.”

அக்குரலை அவர் முன்பு கேட்டதில்லை. நீட்டினார். தன் குட்டிகளை ஒரு கைக்கு மாற்றி, ஐந்தாவதை அவள் அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். “இன்னொரு கையால மூடுங்க. இறுக்காதீங்க. தினம் ஓடுற உடம்புதானே, சூடு இருக்கும். கீழ போட்டீங்கன்னா, இதையும் நீங்கதான் கொன்னீங்க.”

விருந்தினர் நுழைந்தனர். முன்னால் வந்த அம்மையார் கைகுலுக்கக் கையை நீட்டினார். தலைவரால் கையைப் பிரிக்க இயலவில்லை.

“கையில என்ன வச்சிருக்கீங்க?” என்று அம்மையார் வியப்புடன் கேட்டார்.

“இது ஒரு சின்ன…” என்று தொடங்கினார் தலைவர்.

“நான் சொல்றேன்” என்றாள் ஆய்வாளர்.

குரலைத் தாழ்த்தாமல், ஆணை யாருடையது என்பதையும், எதைக் காட்டுவதற்காகத் தாய்கள் பட்டினி கிடந்தன என்பதையும், அவை எவற்றைத் தின்றன என்பதையும் சொன்னாள். அவற்றின் முதுகெலும்பைத் தொட்டுப்பார்க்கும்படி விருந்தினரையும் அழைத்தாள். அம்மையார் தொட்டுப்பார்த்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார்.

இதற்குள் பராமரிப்பவர் தம் குட்டிகளை ஒல்லித் தாயின் வாசம் ஏற அதன் கூண்டிலிருந்த மரத்தூளில் புரட்டி, மெல்ல உள்ளே விட்டார். தாய் மோந்து பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி மோந்து, ஒன்றைக் கவ்வித் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. பிறகு மற்றதையும். அவள் தன் இரண்டையும் விட்டாள். அவற்றையும் அது சேர்த்துக்கொண்டது.

தலைவர் தம் கைகளை நீட்டினார். “இதையும் வாங்கிக்கோங்க மேடம். எல்லாரும் காத்திருக்காங்க.”

அவள் ஒரு விரலால் குட்டியின் வயிற்றைத் தொட்டாள்.

“இன்னும் சூடு ஏறல. நில்லுங்க.”

அவர் நின்றார்.