காய்க்காத வருடம்

ஆம்பளைக்குச் சக்களத்தி உண்டா என்று கேட்டால், உண்டு. அந்தக் காட்டுக் காவலனுக்கு வாய்த்தது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பறவை. அதன் மேல் அலகும் கீழ் அலகும் ஒன்றையொன்று தாண்டி, கத்தரிக்கோல் போல நிற்கும். ஊசியிலை மரத்துக் காயின் செதிலை நெம்பி விதையை உருவுவதற்கென்றே அப்படியொரு வாய். காய் எங்கேயோ அங்கே அது. கொட்டுகிற பனியிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். காய் தீர்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். அதன் பின்னாலேயே அவன் மனைவியும் கிளம்பிவிடுவாள். பறவை ஆராய்ச்சிக்காரிக்கு வாழ்க்கைப்பட்டவன் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

இரண்டு வருடத்துக்கு முன் மரமெல்லாம் காய்த்துத் தொங்கியது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில் இருந்தாள். அடுப்படியில் தொலைநோக்கி, சாப்பாட்டு மேசையில் இறகு, படுக்கையில் ஈரக் காலுறை. அவன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைப்பான். போன வருடம் காய்ப்பில்லை, அவளும் வரவில்லை. வீடு துடைத்துவைத்தது போல் இருந்தது. அந்தச் சுத்தத்தை அவனால் சகிக்க முடியவில்லை. ஆனால் போனில் பேசும்போது மட்டும், இங்கே ஒரு குறையும் இல்லை, நீ உன் வேலையைப் பார் என்று பெரிய மனுஷன் போலச் சொல்வான். வீம்பு. அதைத் தவிர அவனிடம் வேறு சொத்து கிடையாது.

கோடை முடியும்போது காய் எண்ணுவது அவன் வேலைகளில் ஒன்று. குறி போட்ட மரங்களின் உச்சியைத் தொலைநோக்கியில் பார்த்து, எவ்வளவு காய்ப்பு என்று ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தக் காட்டில் அதிகமோ அங்கே அவளும் அவள் கூட்டாளிகளும் கூடாரம் போடுவார்கள். இந்த முறையும் புதுக் காய் பேருக்குக்கூட இல்லை. பழைய காய்கள்தான் செதில் விரித்து, விதை உதிர்ந்து, கிளையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. முதல் மரத்தடியில் வெகுநேரம் நின்றான். காய் காய்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு அத்தனை சக்கையையும் எண்ணினான். அமோகமான காய்ப்பு என்று எழுதி அனுப்பிவிட்டு, கொஞ்ச நாள் யார் முகத்தையும் பார்க்காமல் திரிந்தான்.

முதல் பனி விழுந்தபோது அவள் வந்து இறங்கினாள். தோளில் ஒரே ஒரு பை. வலை இல்லை, கூடாரம் இல்லை, கூட வரும் ஆட்களும் இல்லை. சந்தோஷத்தில் அவனுக்கு அது உறைக்கவே இல்லை. படுக்கப் போகும்போது ஈரக் காலுறையைக் கழற்றிப் போர்வை மேல் எறிந்தாள். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

விடிந்ததும் இருவரும் காட்டுக்குள் போனார்கள். ஒரு கீச்சுச் சத்தம் இல்லை. அவள் ஒரு மரத்தின் உச்சியைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், தொலைநோக்கியைத் தாழ்த்தினாள்.

"எல்லாம் பழைய காய்."

இப்போதெல்லாம் கண் முன்பு போலத் தெரிவதில்லை என்று அவன் இழுத்தான்.

அவள் சிரித்துவிட்டாள். "இந்த மரங்க பேசி வச்ச மாதிரி ஒண்ணாத்தான் காய்க்கும், ஒண்ணாத்தான் சும்மா நிக்கும். உங்களுக்குத் தெரியாததா? சுத்துப்பட்டுக் காடு மொத்தமும் ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கு. உங்க காடு மட்டும் அமோகமாம். ஆபீஸ்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

கூட்டாளிகள் பறவை போன பக்கமாக, வெகு வடக்கே கூடாரம் போட்டுவிட்டார்களாம். ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு இவள் மட்டும் இந்தப் பக்கம் பஸ் ஏறியிருக்கிறாள்.

"பொய்னு தெரிஞ்சுமா வந்தே?"

"கட்டிக்கிட்டதிலேர்ந்து ஒரு தடவை வான்னு கூப்பிட்டிருக்கீங்களா? இப்பதான் கூப்பிட்டீங்க. அதையும் மரத்தைச் சொல்ல வச்சீங்க. வாயால சொன்னா என்ன?"

வாரம் முடிந்தால் வீடு மறுபடி சுத்தமாகிவிடும். கையெட்டும் தூரத்தில் நிற்கிறவளைப் பார்த்து, எங்கோ தொலைவில் இருப்பவளைக் கூப்பிடுவது போல, "வந்துடு" என்றான் அவன்.