நேற்று மாலை ஆறு பத்து

“சத்தமா சொல்லிக்கிட்டே அடிங்கக்கா. எங்க தப்பு விடுறீங்கன்னு பார்ப்போம்,” என்றார் மேனேஜர் ஹேமநாதன்.

வெள்ளையம்மா ஆண்ட்டி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒற்றை விரலால் அழுத்தினார். “பெரிய பி. ஆர். ஏ. வி.” கவுண்டருக்கு முன்னால் டயாலிசிஸுக்கு வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது. அவருடைய மகளின் பெயர், அதன் பின்னால் மகள் பிறந்த ஆண்டு. கடைசி எண்ணைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எண்டரைத் தட்டினார். அனுமதி இல்லை என்றது திரை.

“அலமாக், வெள்ளம்மா பாஸ்வேர்டு இப்ப தம்போய் ஊருக்கே தெரிஞ்சு போச்சு லா,” என்றார் ஐயாசாமி. முன்பு லாரி ஓட்டியவர். ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டு நெடுநேரமாகக் காத்திருந்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஆண்ட்டியும் சிரிக்கப் பார்த்தார்.

நான் பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். இந்த மையத்தின் கணினிகளை எங்கள் நிறுவனம்தான் பார்த்துக்கொள்கிறது. வழக்கமாக வருபவர் செல்வா அண்ணன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எங்கும் போவார். இந்த வாரம் மீன் பிடிக்க மெர்சிங் கடற்கரைக்குப் போய்விட்டதால் என்னை அனுப்பினார்கள். எனக்குக் கூட்டம் ஆகாது. ஆள் சேர்வதற்குள் பிரிண்டரை மாற்றிவிட்டுப் போய்விடலாம் என்று விடிவதற்கு முன்பே வந்திருந்தேன். அதனால்தான் இதைப் பார்க்க நேர்ந்தது.

“தெனமும் இதே கதைதான்,” என்று ஹேமநாதன் என்னிடம் சொன்னார், ஆண்ட்டி அங்கே இல்லாததுபோல. “காலையில பாஸ்வேர்டு மறந்துடும். செல்வா வர்றப்போ ஞாபகம் வந்துடும். ஒரு நாள் என்கிட்ட வந்து, ‘பாஸ், கம்ப்யூட்டர்ல இன்னும் நேத்து சாயங்காலமாவே இருக்கு’ங்கிறாங்க. இன்னிக்கு எது, நேத்து எதுன்னே தெரியல. என்ன பண்றது?” விரலால் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார். “திங்கக்கிழமை புதுப் பிள்ளை வருது. அக்கா ஸ்டோர்ல துணி மடிக்கப் போறாங்க.”

ஆண்ட்டி விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி இல்லை.

ஹேமநாதன் தன் அறைக்குள் போனதும் திரையருகே குனிந்தேன். மணி ஆறு பத்து என்று பெரிதாகத் தெரிந்தது. என் கைபேசியில் ஆறு நாற்பது. வெளியே இன்னும் இருட்டு. போகிறபோக்கில் பார்ப்பவருக்கு இரண்டும் காலை ஆறு மணிதான். மணிக்குக் கீழே கிழமை சின்னதாக இருந்தது. புதன். இன்று வியாழன்.

“ஆண்ட்டி, நேத்து எப்ப ஆஃப் பண்ணீங்க?”

“ஆறு அடிச்சதும் மா. ஆஃப் பண்ணி, பிளக்கையும் புடுங்கிட்டுத்தான் போவேன்.”

“ஏன் புடுங்குறீங்க?”

“போன வருஷம் இடி விழுந்து ரெண்டு கம்ப்யூட்டர் கருகிப் போச்சு. பாஸ் மீட்டிங் போட்டுக் கத்துனாரு. இடி இடிச்சா எடுக்கணும், வீட்டுக்குப் போறப்ப எடுக்கணும்னு. எல்லாரும் தலையாட்டுனோம்.” பிளக் பக்கம் கையைக் காட்டினார். “எடுக்கிறது நான் மட்டுந்தான்.”

கணினிக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அது. இதில் அது சாகும் நிலையில் இருந்தது; நேரத்தை நினைவில் வைக்கும், ஓட்டத் தெம்பில்லை. பிளக்கைப் பிடுங்கினால் கடிகாரம் அங்கேயே நின்றுவிடும். காலையில் செருகினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் வேறுபடுகிற கணினியைச் சர்வர் உள்ளே விடாது, பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும். சில மணி நேரத்தில் கணினி சர்வரிடமிருந்தே சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு அதே பாஸ்வேர்டு வேலை செய்யும். அதற்கும் பிறகு செல்வா அண்ணன் வருவார். பயன்படுத்துபவர் தவறு என்று எழுதி முடிப்பார்.

சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எல்லாக் காலையிலும் ஆண்ட்டியின் பெயர் இருந்தது. மறுத்ததற்குக் காரணமும் இருந்தது: நேர வேறுபாடு. பாஸ்வேர்டு தவறு என்று ஒன்றுகூட இல்லை. மார்ச் மாதத்திலிருந்து சர்வர் இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருவரும் திறக்கவில்லை.

எனக்குக் காது சுட்டது. நான் படித்தது இயற்பியல். கருவியைச் சரிபார்க்காமல் அளந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு முதல் வாரப் பாடம். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, கண்ணில் தண்ணீர்தான் வரும். அதைப் பார்த்து இன்னும் கோபம் வரும்.

ஆண்ட்டியிடம் மெதுவாகச் சொன்னேன்.

“அப்ப எனக்கு மறதி இல்லியா?”

“இல்ல ஆண்ட்டி.”

“பாஸ் என் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாரு. அவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. மறதி டெஸ்ட்னு ஏதோ ஒரு மிருகத்துப் படத்தக் காட்டி இது என்னன்னு கேட்டாங்க. பயத்துல பேர் வரல. அன்னையிலேருந்து அடுப்பத் தொட விடறதில்ல. சிலிண்டர்ல மாட்டுற கேஸ் தலையக் கழட்டி அவ ரூம்ல வச்சுப் பூட்டிட்டா. பேரன என்கிட்ட விட்டுட்டுக் கடைக்குக்கூடப் போறதில்ல.” அவர் குரல் அழுகைக்குப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. தடித்தது. “நானும் நம்பிட்டேன் மா. படுத்துக்கிட்டு வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன், எதுவரைக்கும் வருதுன்னு.”

ஹேமநாதன் தேநீர்க் குவளையோடு வெளியே வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே தலையாட்டிவிட்டார்.

“பேட்டரியா? அவ்ளோதானா? மாத்திடுங்க லா. நல்லதாப் போச்சு. புதுப் பிள்ளைக்குப் பிரச்சன இருக்காது.”

“அவங்ககிட்ட சொல்லுங்க,” என்றேன்.

“என்ன?”

“அவங்க ஒரு நாள்கூடப் பாஸ்வேர்ட மறக்கல. கம்ப்யூட்டர்ல நேத்து சாயங்காலம்னு சொன்னாங்களே, அது நெஜம். நீங்க சொன்னபடி பிளக்க எடுத்தாங்க, அதனாலதான் இவ்வளவும்.” என் குரல் கீச்சிட்டு உடைந்தது. நிறுத்த முடியவில்லை. “எல்லாருக்கும் முன்னாலதானே பாஸ்வேர்ட சொல்லச் சொன்னீங்க. இதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க.”

ஐயாசாமி மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். “சொல்லுங்க பாஸ்,” என்றார், யாரையும் பார்க்காமல்.

ஹேமநாதன் தேநீரை ஊதினார். “தங்கச்சி, நீங்க பிரிண்டர் பார்க்கத்தானே வந்தீங்க?” அவர் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

கணினிப் பெட்டியைத் திறந்தேன். பழைய பேட்டரியை நெம்பி எடுத்துக் குப்பைக்கூடையில் போடப் போனபோது ஆண்ட்டி கையை நீட்டினார்.

“அத என்கிட்ட குடு.”

புதுப் பேட்டரி போட்டு நேரத்தைத் திருத்தியதும் அதே பாஸ்வேர்டு உடனே வேலை செய்தது. பிரிண்டர் வேலை மதியம்வரை இழுத்தது. ஆண்ட்டி பெயர்களைப் பதிந்தார், எண்களைக் கூப்பிட்டார். ஒரு தவறும் இல்லை. கூட்டம் குறைந்ததும் கைபேசியை எடுத்தார்.

“பிரவீனா, வேல விட்டதும் நேரா இங்க வா. கேஸ் தலைய எடுத்துட்டு வா. ஆமா, இங்கதான், என் வேலையிடத்துக்கு. இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ கொண்டா.”

வானம் கறுத்தது. இந்தப் பக்கம் மதியத்தில் தினமும் நடப்பதுதான். முதல் இடி தொழிற்பட்டறைகள் பக்கம் உருண்டது. அறைக்குள்ளிருந்து ஹேமநாதன் கத்தினார்.

“அக்கா! இடி! பிளக்க எடுங்க!”

ஆண்ட்டி எழவில்லை. இரண்டாவது இடி கண்ணாடிக் கதவை அதிரவைத்தது. விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன.

“அக்கா!”

சுவிட்சுக்கு அருகில் நின்றது நான்தான். என் கை தானாக நீண்டது. “விடு மா. அவரே வந்து எடுக்கட்டும்,” என்று ஆண்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டேன். அவருடைய முஷ்டி மேசைமேல் இறுகிக் கிடந்தது, பேட்டரி அதற்குள் இருந்தது. திரையின் மூலையில் மணி சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஹேமநாதனின் அறைக் கதவின் கைப்பிடி உள்பக்கத்திலிருந்து திரும்பியது.