கருட சேவையன்று வந்த அழைப்பு

2026 மே 20, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. காற்று இல்லை, கிழக்கே மழைக்கு உதவாத வெளிறிய மேகம் ஒன்று நின்றது. சின்னக் காஞ்சிபுரத்தில் தம் வீட்டுக் கூடத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் முரளீதரன் பேனாவின் மூடியைத் திறந்தார். அவர் கணக்கில் முந்தின நாளோடு ஏழு ஆண்டுகள் நிறைந்திருந்தன. எல்லைநாளைச் சேர்ப்பதா விலக்குவதா என்னும் ஐயத்திற்கு இடம் கொடாமல் ஒருநாள் கூடுதலாகவே விட்டிருந்தார்.

மேசைமேல் வழக்கறிஞர் குமரகுரு எழுதியனுப்பிய வாக்குமூலம் இருந்தது, ஒரே பக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டில் காணாமற்போன மகன் ஸ்ரீசரணைப் பற்றி ஏழு ஆண்டுகளாக எந்தச் செய்தியும் வரவில்லை என்று தந்தை அதில் உறுதி சொல்ல வேண்டும். அதன் பேரில் நீதிமன்றம் அவன் இறந்ததாகக் கொள்ளலாம். அவன் மனைவி லக்ஷணா மறுமணம் செய்துகொள்ளலாம். ஏனாத்தூரில் அவள் வேலைபார்க்கும் கல்லூரியிலேயே பாடம் நடத்தும் லோகேஸ்வரன் அதற்காகக் காத்திருந்தார். ஜூன் பத்தாம் தேதி அவர் கோயம்புத்தூரில் புதிய வேலையில் சேர வேண்டும். கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்ததும் வழக்குப் பதிவானால் இன்னும் பொறுப்பதாகவும், இல்லையென்றால் வேறு பெண் பார்ப்பதாகவும் அவருடைய தாயார் சொல்லிவிட்டார்.

ஸ்ரீசரண் கைபேசிக் கோபுரங்களைப் பழுதுபார்க்கும் நிறுவனமொன்றில் பொறியாளன். 2016 ஆகஸ்டில், தென்தீவாகிய மிண்டனாவோவில், எரிக்கப்பட்ட கோபுரத்தைச் சீர்செய்ய மலையேறியவன் இறங்கவில்லை. அந்தத் தீவில் அரசை எதிர்த்து இரண்டு போர்கள் நடந்துகொண்டிருந்தன. மலைக்காடுகளில் 1969 முதல் கம்யூனிஸ்டுகள். கடலோரத்திலும் சதுப்புநிலங்களிலும் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தி இஸ்லாமிய இயக்கங்கள். முரளீதரன் பள்ளியில் படிக்கும்போது தொடங்கி, அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பிறகும் முடியாத போர்கள்.

இரண்டில் ஒன்றுதான் அவனைக் கொண்டுபோயிருக்க வேண்டும். எனவே அவர் இரண்டு நோட்டுகள் போட்டார். நாள்தோறும் காலையில் இருபது நிமிடம் செய்திகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். கிறிஸ்துமசுக்கு அறிவித்த போர்நிறுத்தம். அது முறிந்த நாள். ஓர் இயக்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் பிரிந்துபோன பிரிவு. அந்தப் பிரிவிலிருந்து பிரிந்த பிரிவு. அந்நாட்டு அரசிடமிருந்து வந்த முதல் அறிக்கை, இஸ்லாமியத் தீவிரவாதிகள் கடத்தினார்கள் என்றது. அப்போது அரசு கம்யூனிஸ்டுகளோடு பேசிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு அந்தப் பேச்சு முறிந்தது; அடுத்த அறிக்கை, கம்யூனிஸ்டுகள் என்றது. யாரோடு பேச்சு நடக்கிறதோ அவர்கள் எவரையும் கடத்துவதில்லை என்று முரளீதரன் இரண்டு நோட்டுகளிலும் எழுதிவைத்தார். இரு தரப்பும் தங்களிடம் அவன் இல்லை என்றன. அதற்குமேல் எவரும் எதுவும் சொல்லவில்லை.

ஏழாண்டு 2023 ஆகஸ்டிலேயே நிறைந்தது. குமரகுரு அப்போதே காகிதம் அனுப்பினார். "இன்னும் காலம் ஆகலை" என்று முரளீதரன் திருப்பி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. லோகேஸ்வரன் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்பதால் தெரு தானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டது. கோயிலில் அவரோடு பிரபந்தம் ஓதிச் சேவிக்கும் கோஷ்டியினர், "குலத்தைக் காப்பாத்திட்டீர், ஓய்!" என்று தோளைத் தட்டினார்கள். அவர் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட அந்தப் பாராட்டைப் பெற்றுக்கொள்வது எளிதாக இருந்தது.

வாசலில் மொபெட் ஒன்று இருமி நின்றது. குமரகுருவின் குமாஸ்தா முருகேசன் படியில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"சாமி, இன்னிக்காவது கையெழுத்து உண்டா? இல்ல நானு ரிட்டையர் ஆனப்புறமா?"

"உள்ளே வாங்கோ முருகேசன். இன்னிக்கு உண்டு."

"போன வாரமும் இதான் சொன்னீங்க."

"போன வாரம், அடுத்த புதன்கிழமைன்னு சொன்னேன். இன்னிக்குப் புதன்கிழமை."

"அது சரி. அந்த ஊர்ல சண்டை அம்பது வருசமா நடந்துக்கினு இருக்குது. நம்ம கேசு அதையே தாண்டிடும் போலன்னு வக்கீலய்யா சொல்லிக்கினு இருக்காரு."

லக்ஷணா காபியோடு வந்தாள். கல்லூரிக்குப் புறப்படும் உடையில் இருந்தாள். இரவு உறங்கியதாகத் தெரியவில்லை. "எடுத்துக்கோங்கோ முருகேசன் அண்ணா. அவரை அவசரப்படுத்தாதீங்கோ."

"நானா அவசரப்படுத்துறேன்? மூணு வருசமா வந்துக்கினு போயிக்கினு இருக்கறேன்மா. கண்ண மூடிக்கினா என் வண்டியே இங்க வந்து நிக்கும்."

முரளீதரன் சிரிக்கவில்லை. தட்டச்சு முடிந்த இடத்தின்கீழ், தம் கையால் இரண்டு வரி சேர்த்திருந்தார். தாளை மருமகள் பக்கம் திருப்பி வைத்தார். "இதைப் படிச்சுடு. அப்புறம் போடறேன்."

அவள் படித்தாள். 2019 மே 19, காலை 6.14 முதல் 6.31 வரை, பிலிப்பைன்ஸ் எண்ணொன்றிலிருந்து அவருடைய கைபேசிக்கு நான்கு அழைப்புகள் வந்தன, அவர் எடுக்கவில்லை, அதன்பின் செய்தி இல்லை. எண்ணும் முழுமையாக எழுதப்பட்டிருந்தது.

முருகேசன் எட்டிப் பார்த்தார். "ஐயையே! இன்னா சாமி இது? இத எழுதுனா ஜட்ஜு விடுவாரா? யார் நம்பரு, கண்டுபுடின்னுவாரு. இங்கருந்து டில்லிக்கு எழுதணும், டில்லிலருந்து அந்த ஊருக்கு எழுதணும். அவ்ளோதான், இன்னும் நாலு வருசம்."

"நடந்ததை நடக்கலைன்னு எழுத மாட்டேன்."

"எதிர வெயிட் பண்ணிக்கினு இருக்கற பொண்ணுக்கு இன்னா சொல்றது?"

லக்ஷணா தாளிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "ஏன் எடுக்கலை?" என்று கேட்டாள்.

அவர் நேராக உட்கார்ந்தார். தேர்வறையில் விடை சொல்பவர்போல முறையாகச் சொன்னார். அன்று வைகாசிக் கருட சேவை. பெருமாளுக்கு முன்னே கோஷ்டி இரண்டு வரிசையாகச் சேவித்துக்கொண்டு நடந்தது. வரிசையில் நின்றவர் சாற்றுமுறை என்னும் நிறைவுப் பாசுரங்கள் முடியும்வரை விலகுவதில்லை, நடுவில் பேச்சில்லை. கோஷ்டிக்குக் கைபேசி கொண்டுவருவதும் வழக்கமில்லை. ஆனால் 2016 ஆகஸ்டுக்குப் பிறகு அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் எங்கும் போனார். அன்று அது நான்கு முறை அதிர்ந்தது. ஒரு விதியை மீறிக் கொண்டுவந்த கருவியை, மற்றொரு விதியை மீறாமல் அப்படியே வைத்திருந்தார்.

"மண்டபத்துல பெருமாளை ஏளப்பண்ணினப்புறம் எடுத்துப் பார்த்தேன். அறுபத்துமூணுன்னு ஆரம்பிக்கிற நம்பர். திரும்பப் பண்ணினா புரியாத பாஷையில ஒரு பொம்மனாட்டி ரெக்கார்ட் பேசித்து. பதினாறு நாள் அதையே கேட்டேன். பதினேழாம் நாள் அதுவும் இல்லை."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"ஏன் எடுக்கலைன்னு அவளும் கேட்டிருப்பா."

அவருடைய மனைவி ஹேமாம்புஜம் 2022-இல் இறந்தார். மகன் எங்கோ இருக்கிறான் என்று நம்பியபடியே. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தம் கைபேசியில் இருந்ததை முரளீதரன் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. நோட்டுகள் இரண்டிலும் 2019 மே 19 என்னும் தேதியின்கீழ் ஒரே சொல்லை எழுதியிருந்தார்: உளன். எந்த முகாமிலிருந்து தப்பியிருப்பான், யார் வீட்டுத் தொலைபேசியைக் கேட்டு வாங்கியிருப்பான் என்பதற்கு அவரிடம் இரண்டு வழிப் படங்களும் இருந்தன. காட்டுக்கு ஒன்று, கடலோரத்துக்கு ஒன்று.

லக்ஷணா தன் கைபேசியை எடுத்துத் தேடத் தொடங்கினாள். பிறகு நிறுத்திவிட்டாள். திரை அணைந்தது. அவள் பார்வை ஒருமுறை வாசலுக்கும், ஒருமுறை அவருடைய முகத்துக்கும் போய்வந்தது. மறுபடி திரையை எழுப்பினாள்.

"அப்பா, அந்த நம்பரைச் சொல்லுங்கோ. பார்க்காம."

அவர் பார்க்காமல் சொன்னார். அவள் கைபேசியை மேசையில் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். அதே எண் இருந்தது. மேலே அவள் இட்டிருந்த பெயர்: கம்பெனி ஹெச்.ஆர். மிண்டனாவோ.

"அன்னிக்கு ஆறு நாற்பதுக்கு எனக்குப் பண்ணினா. ஞாயித்துக்கிழமை. தீவுல இருந்த ஆபீஸைக் காலி பண்ணிண்டிருந்தா. அவரோட சாமான் ஒரு பெட்டி இருக்கு, எந்த அட்ரஸுக்கு அனுப்பறதுன்னு கேட்டா. உங்க நம்பர்தான் முதல்ல இருந்துதாம். நாலு தரம் பண்ணியும் எடுக்கலைன்னா."

"பெட்டி" என்றார் முரளீதரன்.

"ஜூலையில வந்துதே. நீங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்கினேள். பரண்ல இருக்கு."

அவருக்கு நினைவிருந்தது. கருட சேவையன்று பகலில் அவர் வீடு திரும்பியதும், கம்பெனியிலிருந்து பெட்டி அனுப்பப் போவதாக லக்ஷணா சொன்னாள். யார் சொன்னார்கள், எப்போது, எந்த எண்ணிலிருந்து என்று அவர் கேட்கவில்லை. எதையும் மும்முறை கேட்கும் மனிதர், தம் அழைப்பை மறைக்க வேண்டியிருந்ததால் அன்று அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

எண்ணை இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார். பன்னிரண்டும் பொருந்தின. இன்னொரு முறை ஒப்பிட்டார்.

"மூணு வருஷம்ப்பா" என்றாள் லக்ஷணா. குரல் உயரவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ரெண்டு வருஷம் ஒன்பது மாசம். கேட்டிருக்கணும்."

"லோகேஸ்வரன் நம்மவா இல்லைன்னுதான் நீங்க பிடிவாதம் பிடிக்கறேள்னு நினைச்சேன். அவர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"அவர் பேர்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல கையெழுத்து."

முருகேசன் சிரிக்கப் போனார். முரளீதரனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சாமி, நான் வெளிய நிக்கறேன்" என்று டம்ளரை வைத்துவிட்டு மொபெட் பக்கம் போனார்.

"அப்போ" என்று முரளீதரன் தொடங்கினார். "அப்போ பத்தொன்பதாம் வருஷம் அவன்..." வாக்கியம் முடியவில்லை. சுவர் அலமாரியில் இரண்டு நோட்டுகளும் அடுத்தடுத்து நின்றன. இன்றைய குறிப்பு எழுதப்படவில்லை. இன்று காலையும் அங்கே எங்கோ ஒரு தரப்பு ஓர் உடன்பாட்டை மறுத்திருக்கும்.

"அது யார் நம்பர்னு சொல்லாமலே இருந்திருப்பேன்" என்றாள் அவள். "நீங்க அந்த வரியைத் தாள்ல எழுதாம, எங்கிட்ட வாயால மட்டும் சொல்லியிருந்தா."

"தெரியும்."

அவர் இழுப்பறையிலிருந்து அடிக்கோலை எடுத்தார். தாம் சேர்த்த இரண்டு வரிகளின்மேல் அதை வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே கோட்டால் அடித்தார். கோட்டின் இரு முனையிலும் முதலெழுத்திட்டார். மேலே வழக்கறிஞரின் வாக்கியத்தை மீண்டும் படித்தார். எந்தச் செய்தியும் வரவில்லை என்பது பிழையின்றி இருந்தது. கையெழுத்திட்டார், தேதியிட்டார், மை உலரும்வரை தாளைத் தொடவில்லை.

வெளியே முருகேசன் வண்டியை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கொடுக்க வேண்டிய தாளை முரளீதரன் எழுந்து நின்று லக்ஷணாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.